பேர் உண்டு, முகம் இல்லை: சப்ரகமுவத் தோட்டங்களும் நாளொரு படமும்

தோட்டத்துப் பேச்சில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். 'இந்த மாசம் எத்தன பேரு?' என்று கேட்டால் எத்தனை நாள் வேலை செய்தாய் என்று பொருள். விடியலில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கும் களத்துக்கு, வந்தவர்களைக் கணக்கப்பிள்ளை செக்ரோல் என்னும் வருகைப் பேரேட்டில் பதிந்துகொள்வார். தலைமுறை தலைமுறையாக இப்படி நாள் தவறாமல் எழுதப்பட்ட மக்கள் அரிது. ஆனால் அந்தப் பேரேட்டில் இருப்பது வருகையும் எடையும் கழிவும்தான். அன்று காலை பிள்ளைக் காம்பராவில் விட்ட குழந்தை அழுததா, பீலிக் குழாயில் தண்ணீர் வந்ததா, இஸ்தோப்புத் திண்ணையில் யார் குந்தியிருந்தார் என்பதெல்லாம் அதில் ஏறவில்லை.

வீட்டையும் சுற்றுப்புறத்தையும் நாளுக்கு ஒரு படமாக எடுத்துவைக்கும் பழக்கம் உலகின் பல இடங்களில் வேரூன்றியிருக்கிறது. இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்திலுள்ள இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களை முன்வைத்து அந்தப் பழக்கத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. கேள்விகள் நான்கு. இம்மக்களை இதுவரை படமெடுத்தவர்கள் யார்? நாளொரு படம் என்னும் வழக்கம் எங்கெல்லாம், எப்படி நடந்தது? தோட்டத்தில் அதனால் விளையும் நன்மை தீமைகள் எவை? எடுத்ததைக் காப்பது எப்படி?

பிறர் கையிலிருந்த கமரா

இலங்கைக்கு வந்த புகழ்பெற்ற கமராக்களில் ஒன்று ஜூலியா மார்கரெட் கமரூனுடையது. இங்கிலாந்தில் டென்னிசன், டார்வின், ஹெர்ஷல் போன்றோரைப் படமெடுத்துப் பேர்பெற்ற அவர், கணவருக்கு இங்கே தோட்டங்கள் இருந்ததால் 1875இல் இலங்கைக்குக் குடிவந்தார். 1879இல் இறந்தார். கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. இலங்கையில் அவர் எடுத்தவற்றில் தோட்டத்தில் உழைத்தவர்களின் படங்களும் உண்டு. இங்கிலாந்தில் எடுத்த முகங்களுக்குப் பேர் இருக்கிறது. இங்கே எடுத்த முகங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பேர் இல்லை.

அதே காலத்தில் ஸ்கீன், ஸ்கோவன் ஆகிய புகைப்பட நிறுவனங்களும், பின்னர் 1890இல் தொடங்கிய பிளாட்டே நிறுவனமும் தோட்டக் காட்சிகளை எடுத்து விற்றன. கப்பலில் வந்து போன வெள்ளையர் வாங்கிச் சென்ற அஞ்சலட்டைகளில் கூடையோடு நிற்கும் பெண்ணுக்கும் கவ்வாத்துக் கத்தியோடு நிற்கும் ஆணுக்கும் கீழே அச்சான குறிப்பு பெரும்பாலும் 'தமிழ்க் கூலி' என்பதுதான். தேயிலை விளம்பரங்கள் அந்தக் கூடைக்காரியைத் தேயிலைப் பெட்டியின் மேல் ஒட்டின. இன்றைய உல்லாசப் பயணியின் கைத்தொலைபேசியும் அதே இடத்தில் நின்று அதே கோணத்தில்தான் அவளைப் பார்க்கிறது.

அந்தக் கமராவும் சப்ரகமுவவுக்கு அதிகம் இறங்கி வரவில்லை. மலையகம் என்றால் நுவரெலியாப் பனியும் ஹற்றன் ரயிலும் என்றே படம் பதிந்துவிட்டது. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, புளத்கொஹுப்பிட்டிய, பலாங்கொடை, காவத்தை, இறக்குவானைப் பக்கத்துத் தோட்டங்கள் உயரம் குறைந்தவை. அங்கே தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து நிற்கும். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே லயங்கள் என்னும் வரிசை வீடுகள் சிறு சிறு தீவுகளாகச் சிதறிக் கிடக்கும். இறப்பர் காட்டின் இருட்டில் விடியுமுன் பால் வெட்டுகிறவரை எந்த அஞ்சலட்டையும் தேடவில்லை. மலையகத்தின் மொத்தப் படத்திலும் சப்ரகமுவ ஓரத்தில் வெட்டுப்பட்ட பகுதி.

அரசு கேட்ட முகம்

தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றில் ஆகப் பழைய படம் கல்யாணப் படமல்ல, விண்ணப்பத்தில் ஒட்டிய படம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974 ஒப்பந்தம் பாதிபாதியாகப் பங்கிட்டது. கடவுச்சீட்டுக்காக ஸ்டூடியோவுக்குப் போனவர்கள் வெள்ளைத் திரைக்கு முன்னால் அசையாமல் நின்றார்கள். தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் ஒரு படத்தைக் கையோடு கொண்டு போனார்கள், இன்னொன்றை அரசுக் கோப்பில் விட்டுப் போனார்கள். இருந்தவர்களுக்கு 1970களில் அடையாள அட்டைக்குப் படம் தேவைப்பட்டது. குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெருமளவு தீர்ந்தது. அதுவரை இம்மக்களின் முகம் ஒரு சாட்சிப் பொருளாகவே இருந்தது.

அரசு கேட்ட படம் ஒரு வகை. இரண்டாவது வகை, குடும்பம் விரும்பி எடுத்த ஸ்டூடியோப் படம். சடங்கு, கல்யாணம், பிள்ளையின் முதல் பிறந்தநாள், சாவு. தீபாவளி முற்பணம் கைக்கு வந்த வாரத்தில் இரத்தினபுரிக்கோ அவிசாவளைக்கோ போய், வரைந்த திரைக்கு முன்னால் எடுத்தது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியேர் பூர்தியூ 1965இல் வெளியிட்ட நூலில், குடும்பப் படம் பெரும்பாலும் விழா நாட்களையும் உறவுச் சந்திப்புகளையும் உறுதிப்படுத்தவே எடுக்கப்படுகிறது என்று காட்டினார். தோட்டத்துக்கும் அது பொருந்தும். புதுச் சேலையும் இரவல் கைக்கடிகாரமும் படத்தில் ஏறின. லயத்துக் கூரையும் அடுப்புப் புகையும் ஏறவில்லை.

எடுத்தவையும் எல்லாம் மிஞ்சவில்லை. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் சப்ரகமுவத் தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கின. குறிப்பாக 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் எரிக்கப்பட்டன. உடுத்த துணியோடு ஓடியவர்களில் ஒரு பகுதியினர் வவுனியாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் போனார்கள். லயக் காம்பராவில் படம் இருக்கும் இடம் தகரப் பெட்டி அல்லது சுவர்ச் சட்டம். வீடு எரிந்தால் இரண்டும் எரியும். பாட்டனின் முகம் இப்படி இல்லாமற் போன குடும்பத்துக்கு ஒரு படத்தின் விலையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நாளுக்கு ஒன்று: உலகில் நடந்தவை

அமெரிக்கரான ஜேமி லிவிங்ஸ்டன் 1979 மார்ச் 31ஆம் திகதி தொடங்கி நாளுக்கு ஒரு போலரொய்ட் படம் எடுத்தார். நண்பர்கள், சாப்பாட்டு மேசை, தெரு, பிறகு ஆஸ்பத்திரி. 1997 ஒக்டோபர் 25ஆம் திகதி, தம் 41ஆவது பிறந்தநாளில், புற்றுநோயால் இறக்கும்வரை அதை விடவில்லை. 6,000க்கு மேற்பட்ட அந்தப் படங்களைத் தனித்தனியே பார்த்தால் பெரும்பாலானவை சாதாரணம். வரிசையாகப் பார்த்தால் ஒரு மனிதரின் முழு வாழ்க்கை.

தோட்டத்துக்காரருக்கு இன்னும் நெருக்கமானது தைவானில் பிறந்த கலைஞர் தெஹ்சிங் ஷியே நியூயோர்க்கில் செய்தது. 1980 ஏப்ரல் 11 முதல் ஓராண்டு, மணிக்கொரு தடவை, தொழிற்சாலை வருகைக் கடிகாரத்தில் அட்டை குத்தி ஒரு படமும் எடுத்துக்கொண்டார். 8,760 தடவைகளில் தவறியவை 133. மொட்டைத் தலையோடு தொடங்கியவரின் முடி தோள்வரை வளர்வதுதான் அந்தப் படங்களில் தெளிவாகத் தெரியும் மாற்றம். தொழிலாளியின் நேரத்தைக் கணக்கிடும் பொறிக்குப் பக்கத்தில் தொழிலாளியின் முகத்தை வைத்துக் காட்டினார். பெரட்டுக் களத்தில் நின்ற எவருக்கும் அது புரியும்.

தமிழ் மண்ணிலும் முன்னுதாரணங்கள் உண்டு. புகைப்படக் கலைஞர் அபுல் கலாம் ஆசாத் முன்னின்று 2014–15இல் நடத்திய 'புரொஜெக்ட் 365' திருவண்ணாமலையின் அன்றாடத்தை ஓராண்டு பல புகைப்படக்காரர்களைக் கொண்டு பதிந்தது. மதுரையைச் சேர்ந்த புகைப்படக்காரர் பழனிக்குமார் மீன் விற்ற தம் தாயையும் சுற்றியிருந்தோரையும் எடுத்தே கமராவைப் பழகியவர். பிறகு மீனவர், துப்புரவுத் தொழிலாளர் பிள்ளைகள் கையில் கமராவைக் கொடுத்துப் பயிற்றுவித்தார். 2022இல் 'பாரி' இணைய இதழும் புகைப்படக் கலைஞர் தயாநிதா சிங்கும் இணைந்து வழங்கிய ஆவணப் புகைப்பட விருதை முதலில் பெற்றவர் அவர். இலங்கைத் தோட்டங்கள் பின்பற்றத் தக்க பாடம் இதில்தான் இருக்கிறது. ஒரு தாயின் வேலைநாளை அவள் பிள்ளை எடுக்கும்போது, வெளியாள் நின்று பழகிய கோணம் தானாகவே மாறிவிடுகிறது.

இதை ஆய்வு முறையாக்கியவர்கள் கரோலைன் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும். 1990களின் தொடக்கத்தில் சீனாவின் யுன்னான் மாகாணத்து உழவர் பெண்களிடம் கமராக்களைக் கொடுத்தார்கள். வயலில் விடப்பட்ட குழந்தைகளின் படங்களை அந்தப் பெண்களே எடுத்து, அவர்களே விளக்கி, அதிகாரிகளுக்குக் காட்டினார்கள். சொல்லிக் கேளாததைப் படத்தோடு சொன்னபோது கேட்டார்கள்.

தோட்டத்தில் எதை எடுப்பது

இன்று லயத்தில் கைத்தொலைபேசி இல்லாத குடும்பம் குறைவு. நாள்தோறும் படம் பறக்கவும் செய்கிறது. கொழும்புக் கடையிலிருக்கும் மகனுக்கும், ஆடைத் தொழிற்சாலை விடுதியிலிருக்கும் மகளுக்கும், மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்யும் தாய்க்கும் வாட்ஸ்அப்பில் போகும் படங்கள்தாம் இன்றைய கடிதம். பள்ளிச் சீருடையில் பிள்ளை, தட்டில் சோறு, காய்ச்சலில் படுத்த பாட்டி. நாளொரு படம் இங்கே ஏற்கெனவே நடக்கிறது. சேமிக்கப்படுவதில்லை என்பதே குறை. நினைவகம் நிறைந்ததும் முதலில் அழிக்கப்படுவது இந்தச் சாதாரண நாட்களே.

அழியக் கூடாதவை எவை? முதலாவது, தொழில். இறப்பர் மரம் தானே ஒரு நாட்குறிப்பு. நாள்விட்டு நாள் வெட்டும் மரத்தில் ஒவ்வொரு வெட்டுக்கும் பட்டை ஒரு மில்லிமீற்றர் அளவுக்குக் குறைந்து, வெட்டுக்கோடு கீழே இறங்கிக்கொண்டே வரும். ஒரே மரத்தை ஒரே இடத்தில் நின்று ஓராண்டு எடுத்தால் ஒரு மனிதக் கையின் உழைப்பு அளந்து தெரியும். தை மாசியில் இலை கொட்டிக் காடே வெளிச்சமாகும் நாட்கள், மழையால் பால் வெட்டு நின்று வீட்டில் முடங்கிய நாட்கள், கவ்வாத்து முடிந்து மொட்டையாய் நிற்கும் தேயிலை மலை இவையெல்லாம் கணக்கேட்டில் எண்ணாக மட்டும் இருப்பவை.

இரண்டாவது, வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை எப்படிப் படுத்து எழும்புகிறது என்பதை அறிக்கைகள் வசதியீனம் என்று ஒரு சொல்லில் கடந்துவிடும். பகலில் சமையலறையாகவும் மாலையில் படிப்பறையாகவும் இரவில் படுக்கையறையாகவும் மாறும் அதே மூலையின் படங்கள் வீடமைப்புத் திட்டம் வகுப்போருக்கு எந்த வாக்கியத்தையும்விடத் தெளிவாகப் பேசும். லயங்கள் ஒருநாள் இடிக்கப்படும், இடிக்கப்படவும் வேண்டும். இடிந்த பிறகு அங்கே எப்படி வாழ்ந்தோம் என்பதைப் பேரப்பிள்ளைக்குக் காட்ட வேறொன்றும் இருக்காது.

மூன்றாவது, நிலம். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. இரு மாவட்டங்களும் மண்சரிவு அபாயம் மிகுந்தவை. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் மலை சரிந்த அதே நாளில் புளத்கொஹுப்பிட்டியப் பக்கத்துத் தோட்டத்தில் லயங்களின் மேலும் மண் விழுந்து உயிர்கள் போயின. சுவரிலும் தரையிலும் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் அல்லது வற்றும் ஊற்று இவை சரிவின் முன்குறிகள். சுவர் வெடிப்பின் பக்கத்தில் தீப்பெட்டி ஒன்றை வைத்து, ஒரே தூரத்தில் நின்று, மழைக்காலம் முழுதும் படமெடுத்தால் வெடிப்பு வளர்வது திகதியோடு நிரூபணமாகும். 'எப்போதோ இருந்த வெடிப்பு' என்று யாரும் தட்டிக்கழிக்க இயலாது. ஆனால் படம் எச்சரிக்கைக்குத் துணை மட்டுமே. வெடிப்பு விரிந்தால் படமெடுத்து நிற்காமல் வெளியேறுவதே முதல் வேலை.

எதிர்வாதங்கள்

இந்தப் பழக்கத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றை ஒதுக்கிவிட முடியாது. முதல் எதிர்வாதம், படமெடுப்பது பார்ப்பதைக் கெடுக்கும் என்பது. அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹெங்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களை முழுதாகப் படமெடுத்தவர்கள் வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் பொருளின் ஒரு பகுதியை நெருங்கி எடுத்தவர்களுக்கு நினைவு கெடவில்லை. வகைதொகையின்றிச் சுடும் நூறு படங்களுக்கும், பார்த்துத் தேர்ந்த ஒரு படத்துக்கும் உள்ள வேறுபாடு இது. நாளுக்கு ஒன்று என்ற கட்டுப்பாடே இந்தக் குறைக்கு மருந்து.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். பீலியடியில் எடுத்தால் குளிக்க வந்தவர் விழுவார், வாசலில் எடுத்தால் அடுத்த வீட்டுச் சண்டை விழும். மதுவெறியில் கிடக்கும் ஆளையும் கிழிந்த சட்டைப் பிள்ளையையும் எடுத்துப் பகிர்வது அஞ்சலட்டைக்காரன் செய்ததைவிட எந்த வகையிலும் மேலானதல்ல. உறவுக்காரன் எடுத்தாலும் அவமானம் அவமானம்தான். கேட்டு எடுப்பது, எடுத்ததைக் காட்டுவது, வேண்டாம் என்றால் அழிப்பது, பிள்ளைகளின் படத்தைப் பொதுவெளியில் போடாதிருப்பது ஆகிய நான்கும் கட்டாயம்.

மூன்றாவது, யார் எடுப்பது என்பது. வீட்டின் நல்ல கைத்தொலைபேசி பெரும்பாலும் ஆண்மகன் கையில். விடியுமுன் எழுந்து சமைத்து, மலைக்குப் போய், கொழுந்து மடுவத்தில் நிறுத்து, வந்து மீண்டும் சமைப்பவளுக்குப் படமெடுக்க நேரம் எங்கே? அவள் எடுத்தால் அவள் படத்தில் இருக்கமாட்டாள். அவன் எடுத்தால் அவள் கூடையோடு மட்டுமே இருப்பாள். நாளை மாற்றி நாள், ஆளை மாற்றி ஆள் என்று முறை வைத்தால் ஒழிய வீட்டுத் தொகுப்பும் செக்ரோலைப் போல ஒருபக்கக் கணக்காகிவிடும்.

காப்பது

செலவு தடையல்ல. ஒரு படம் மூன்று மெகாபைட் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.1 ஜிகாபைட். இருபது ஆண்டுகளின் 7,300 படங்களும் சுமார் 22 ஜிகாபைட். விரல்நகம் அளவு நினைவக அட்டை ஒன்றில் அடங்கிவிடும். ஆனால் அந்த ஒன்று தொலைந்தால் எல்லாம் தொலையும். ஆகவே குறைந்தது மூன்று பிரதிகள் வேண்டும். கைத்தொலைபேசியில் ஒன்று, அட்டையில் ஒன்று, வேறூரில் இருக்கும் உறவினரிடம் ஒன்று. 1981ஐ நினைத்தால் வேறூரில் ஒன்று என்பதன் அருமை விளங்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் தரம் குறைந்து, எடுத்த திகதி முதலிய விவரங்களையும் இழந்துவிடுகிறது. மூலப் படத்தை ஆவணமாக அனுப்ப வேண்டும்.

மாதத்துக்கு ஒன்றையாவது அச்சிடுவது நல்லது. பின்புறத்தில் பென்சிலால் யார், எங்கே, எப்போது என்று எழுத வேண்டும். சப்ரகமுவ ஈரத்தில் படத்துக்குப் பூஞ்சணமே பகை. மண்சுவரை ஒட்டித் தொங்கவிடாமல், காற்றுப் புகாத டப்பாவில் ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தோடு வைக்கலாம். பழைய படத்துக்குச் சூடு காட்டி லெமினேற் செய்வது காப்பதுபோல் தோன்றும் கேடு. பிறகு பிரிக்க முடியாது.

ஊரளவில் ஏற்பாடும் வேண்டும். பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களை மின்வடிவாக்கிக் காத்திருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் இலங்கைத் தமிழரின் ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவருகிறது. கம்பளைப் பக்கத்தில் தேயிலைத் தொழிலாளருக்கென்றே ஓர் அருங்காட்சியகம் 2007இலிருந்து இருக்கிறது. இவற்றைப் பார்த்து, எட்டியாந்தோட்டையிலோ பலாங்கொடையிலோ ஒரு தமிழ்ப் பாடசாலை நூலகம் தன் மாணவரின் வீட்டுப் படங்களைச் சம்மதத்தோடு பிரதி செய்து வைக்கத் தொடங்கலாம். ஓர் ஆசிரியரும் ஒரு கணினியும் போதும்.

முடிவாக

இருநூறாண்டு கண்ட சமூகத்தைப் பற்றிக் கம்பனி ஏடுகளும் அரசுக் கோப்புகளும் சுற்றுலா அஞ்சலட்டைகளும் ஏராளமாக இருக்கின்றன. மூன்றிலும் பதிந்தவர் ஒருவர், பதியப்பட்டவர் வேறொருவர். நாளொரு படம் அந்த ஏற்பாட்டை மாற்றுகிறது. நாளின் எந்தக் கணத்தைப் பதிவது, யாருக்குக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்பதை லயத்துக் குடும்பமே முடிவு செய்கிறது. அதனால் கூலி உயராது, வீடும் கிடைத்துவிடாது. கூலியும் வீடும் கேட்கும்போது கையில் சான்று இருக்கும், கேட்டவர் இன்னார் என்று பேரப்பிள்ளைக்கும் தெரியும். கேட்டு எடுத்தல், பேரெழுதி வைத்தல், பிரதி செய்தல் ஆகிய மூன்றும் இருந்தால் இந்தப் பழக்கம் நன்மையே தரும் என்பதே இவ்வாய்வின் தீர்ப்பு.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலுள்ள ஆகப் பழைய படத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அதிலிருப்பவர்களின் பேர் தெரிந்த பெரியவர் உயிரோடிருந்தால், அவரிடம் கேட்டுப் பின்புறத்தில் எழுதிவிடுங்கள். அவர் சொல்லும்போது அவரையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.